வறட்டில் ஓடிய எஞ்சின்

மார்ச் 4
சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்சுகள் எல்லாரும் படகில் உட்கார்ந்து என் முதுகையே பார்க்கிறார்கள். "ஒரு ஊசி போட்டுப் பாருங்கண்ணே" என்றது ஒரு வாயாடி. நான் அடிக்க வேண்டிய கிண்டல்! கடைசியில் சம்பந்தியின் படகில் ஏறி அக்கரை போனார்கள். என் மகளைத் தன் பையனுக்கு எடுத்த மனுஷன். அவர் படகின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துச் சிரித்து வைத்தேன்.

மார்ச் 5
பேட்டரி நல்லா இருக்கிறது. எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு அதன் இடத்தில் இருக்கிறது. குழாயில் உள்ள ரப்பர் உருண்டையை அமுக்கினால் கல்லாக இறுகுகிறது. ஆக, பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றினால் சொட்டு ஈரமில்லை. அப்படியென்றால் நடுவில் யார் குடிக்கிறார்கள்?
வீட்டுக்காரியிடம் கேட்டேன். "உங்கள விட்டா வேற யாரு?" என்றாள்.

மார்ச் 6
படகுகளுக்கு நடை பிரித்துக் கொடுக்கும் துறை மேஸ்திரி வந்தார். "திங்கக்கிழமைக்குள்ள ஓடலன்னா காலை நடை உங்க சம்பந்திக்குத்தான். நர்சுங்க லேட்டா போனா எனக்குத்தான் திட்டு."
காலை நடைதான் எங்கள் சோறு. ஷிஃப்ட் முடிந்த நர்சுகளைத் திரும்பக் கூட்டி வருவதும் அதோடுதான். மத்தியான நடையில் ஈ ஓட்டலாம்.

மார்ச் 7
ஃபில்டர் மாற்றினேன். ம்ஹூம். பழைய எஞ்சின் என்றால் சோக்கை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் கிளம்பிவிடும். இந்தப் புது எஞ்சினில் சோக்கும் இல்லை. வார்த்தை மட்டும் வீணாகிறது.

மார்ச் 8
மெக்கானிக் சாவியைப் பாதி திருப்பிவிட்டு, என்னைக் காதை வைக்கச் சொன்னார்.
"ஏதாவது கேக்குதாண்ணே?"
"ஒண்ணும் கேக்கலியே."
"அதான் வியாதி. சாவி போட்டதும் உள்ள பெட்ரோல் தள்ளுற பம்ப் 'ம்ம்'னு பாடணும். சாயங்காலம் எப்படி நிறுத்துவீங்க?"
பெருமையாகச் சொன்னேன். பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பது தீர்ந்து தானாக அடங்கும்வரை ஓட விடுவேன். பழைய எஞ்சினில் கார்பரேட்டர் அடைக்காமலிருக்க அப்படித்தான் செய்வோம்.
அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் பம்ப் சூடாகாம காப்பாத்துறதே பெட்ரோல்தாண்ணே! தினமும் வறட்டுல ஓட்டிக் கருக்கிட்டீங்க."
குளிப்பாட்டுகிறேன் என்று நினைத்து தினமும் கழுத்தை நெரித்திருக்கிறேன். புதுப் பம்ப் வர ரெண்டு வாரமாவது ஆகுமாம்.

மார்ச் 9
சம்பந்தியிடம் இருப்பதும் இதே எஞ்சின். எனக்குப் பிறகு வாங்கினார். இப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவன் யார்? நான்தான்.
அவருடையதும் ஒருநாள் படுக்கும். படுத்தால் காலை நடை என்னிடம் வந்துவிடும். நான் எதுவும் செய்ய வேண்டாம், வாயை மூடினால் போதும். இந்த வாயா? அவர் படகு நின்றால் என் பொண்ணு வீட்டு அடுப்பும்தானே... சொல்லவா, வேண்டாமா? என்ன கருமமோ, ஒண்ணும் புரியல.

மார்ச் 10
காலை நடை கைமாறிவிட்டது. சாயங்காலம் சம்பந்தி படகைக் கட்டிவிட்டுக் குழாயில் கை வைத்தார். என் கால் முந்திக்கொண்டு ஓடியது.
"சம்பந்தி, கைய எடுங்க!"
"நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"
"அதான் சொல்றேன். சொல்லிக்குடுத்தவன் எஞ்சின் கெடக்குற லட்சணத்தப் பாருங்க."
எல்லாம் சொன்னேன். குழாயை விட்டுக் கையை எடுத்தார்.
"நாலு நாள் சும்மா இருந்திருந்தா நடை உங்களுக்கே வந்திருக்கும்."
"வந்திருக்கும். வாய் சும்மா இருக்கணுமே!"

மார்ச் 11
வீட்டுக்காரியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், இன்னொரு கரண்டி சோறு போட்டாள். இது எதில் சேர்த்தி?

மார்ச் 26
பம்ப் வந்து மாட்டியாகிவிட்டது. சாவி போட்டதும் 'ம்ம்' என்றது. ஒரே சுற்றில் பிடித்தது. மேஸ்திரி நல்லது என்றார். காலை நடையை மாற்றுவதற்கில்லை என்றும் சொன்னார்.
மத்தியான நடை போனேன். ஒரு பெரியவர், ரெண்டு ஆடு. நடு ஆற்றில் எதிரே சம்பந்தி, ஷிஃப்ட் முடிந்த நர்சுகளோடு, படகு நிறைய. அலையில் என் படகு ஆடிவிடக் கூடாதென்று வேகத்தைக் குறைத்தார். யாருக்கும் அவர் அப்படிக் குறைத்து நான் பார்த்ததில்லை.
அவர் எஞ்சின் சத்தத்தைக் கவனித்துக் கேட்டேன். நல்லா இருந்தது.