வலது காதில் கேட்டது

மார்ச் 3, திங்கள்
ஆல்பம் முழுதாக இறங்க இரண்டு நாள் ஆயிற்று. அந்தமானின் லாங் ஐலண்டில் இதுவே வேகம்தான். 'இரும்புத்தும்பி' ராக் குழுவின் பாடகன் உதயன், குழுவை விட்டுத் தனியாகச் செய்த ஆல்பம் 'தனியறை'. பதினான்கு வருடமாக அவன் ரசிகை நான், ரசிகர் குழுவின் அட்மினும் நானே. நாளை ஷிஃப்டில் கேட்க வேண்டும். படகுகளைக் கூப்பிட்டுப் பேசும் ஜெட்டி வயர்லெஸ் அறையில் எனக்கு வேலை, இடது காது எப்போதும் வயர்லெஸ் செட்டுக்கு. பாட்டு வலது காதில் மட்டும்தான்.

மார்ச் 4
எட்டுப் பாட்டு. எட்டிலும் இரைச்சல். பழைய டோங்கிப் படகின் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தது போல ஒரே ரீங்காரம். குரலே இல்லை! ரசிகர் குழுவில் எழுதிவிட்டேன்: "குரலில்லாத பாட்டைப் போட்டு எங்களை ஏமாற்றுவதற்குப் பதில் நீங்கள் ஓய்வெடுக்கலாம், உதயன்." எழுதியதும் மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 5
நானூறு பேரும் காத்திருந்தது போலக் கிளம்பிவிட்டார்கள். அவனுடைய இணையப் பக்கத்திலேயே போய் ஒருவர் விடாமல் "ஓய்வெடுங்க" என்று ஒட்டுகிறார்கள். என் சொல். கார் நிக்கோபாரில் இருக்கும் யோகராஜ் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. குழுவில் என்னைப் போலவே பழைய ஆள் அவன்.

மார்ச் 6
மதியம் உதயன் ஒரே ஒரு சொல் போட்டான். "சரி." அரை மணி நேரத்தில் அவன் பக்கத்தையே காணோம். ஆல்பத்தையும் எடுத்துவிட்டான்.
அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 7
ஒரு படகை மூன்று முறை கூப்பிட்டும் பேசாவிட்டால் பதிவேட்டில் 'பதில் இல்லை' என்று எழுதி மேலே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? உதயனின் பழைய ராக் குழு டிரம்மருக்கு மூன்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.
ஓய்வெடு என்றால் அவன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ. கடவுளே, அவன் எதுவும் செஞ்சுக்கக் கூடாது. நான் பாட்டைத்தானே சொன்னேன் — பாட்டைத்தானே?

மார்ச் 9, ஞாயிறு
லீவு. அப்பாவுக்கு மாத்திரை வாங்க ரங்கத் போகும் படகில் ஏறினேன். கேட்க வேண்டிய செட் எதுவும் இல்லை என்பதால் இரண்டு காதிலும் இயர்ஃபோனை மாட்டி, இறக்கி வைத்திருந்த ஆல்பத்தைப் போட்டேன்.
இடது காதில் அவன் பாடிக்கொண்டிருந்தான். எட்டுப் பாட்டிலும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு சன்னமான குரலில்.
படகிலேயே அழுதேன். இறங்கியதும் யோகராஜுக்குப் போன் செய்தேன்.
"எனக்குக் குரல் கேட்டுச்சுக்கா. நீங்களே இல்லைன்னு எழுதினதும், என் மொபைல்தான் கராப் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."
"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடா?"
"உங்க பேச்சுக்கு மேல யாரு பேசுவா?"

மார்ச் 10
குழுவில் உண்மையை எழுதினேன். ஒரு காதில் மட்டும் கேட்டேன், தப்பு என்னுடையது என்று. சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். திட்டியது பரவாயில்லை. டிரம்மர் மூலம் உதயனுக்கும் அதையே அனுப்பினேன், என் நம்பரோடு.

மார்ச் 12
பதில் இல்லை.

மார்ச் 14
ஷிஃப்ட் மாற்ற வந்த விசாலாட்சி என் முகத்தைப் பார்த்தாள்.
"என்ன பானு, ஏதாச்சும் போட் மிஸ்ஸிங்கா?"
ஆமாம் என்றேன். அவள் பதறிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். அதில் என்ன இருக்கும்? மெயின்லேண்ட் செய்திகளைத் திறக்கவே பயமாக இருக்கிறது. திறக்காமல் இருக்கவும் பயம்.

மார்ச் 16, ஞாயிறு
மாலை 4.20. தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி.
"பானு, நான் உதயன். அக்கா வீட்ல இருக்கேன். செப்டம்பர்லேர்ந்து என் வலது காது போச்சு. அந்த இரைச்சல் மட்டும்தான் அதுல, நிக்கவே மாட்டேங்குது. பாட்டுலயும் வலது பக்கம் அதைத்தான் வச்சேன். மத்தவங்க குரலோட சேத்துத்தான் கேட்டாங்க. அதை மட்டும் தனியா, முழுசா கேட்டது நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்துச்சு?"
இனிப்பாக ஏதாவது எழுதலாம் என்று விரல் போயிற்று. அழித்துவிட்டு, "தாங்க முடியல" என்று எழுதினேன்.
"எனக்கும்" என்றான்.
நாளைக்கு இதே நேரம் போனில் கூப்பிடுகிறேன், பேச வேண்டாம், எடுத்தால் மட்டும் போதும் என்று எழுதினேன்.
"சரி."
அதே சொல். 4.20-க்கு அலாரம் வைத்திருக்கிறேன்.