தறிச் சத்தத்தில் மூன்று பக்க வசனம்

அக்டோபர் 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ராஜபாளையம் முழுக்கச் சேறு. பேண்டேஜ் துணிக் கட்டு தூக்கி இடுப்பு போச்சு. மதியம் காசிம் போன். ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன்.

"ஏலே, ஞாயித்துக்கெழம நம்ம சினிமா கூட்டத்துல நீதான் பேசுத. சென்னையில இருந்து தயாரிப்பாளரோட ஆளு வாராரு. ஒன் கதையையும் கொண்டா."

பேச்சு, நான் கொண்டாடும் அமெரிக்க இயக்குநர் பற்றி. குறிப்பு:
– பத்து வருடம் அடுத்தவன் படத்துக்கு எழுதினார். பெயர் வரவில்லை.
– முதல் படம் முப்பத்தெட்டு வயதில். ஓடவில்லை.
– அடுத்த படத்தின் முடிவைத் தயாரிப்பாளர்கள் மாற்றச் சொன்னார்கள். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியேறினார். பிறகு மூன்று வருடம் சும்மா.
எனக்கு இருபத்தாறு.

வியாழன்
அம்மாவுக்குக் கதை படித்துக் காட்டினேன். கத்தித்தான். விசைத்தறிச் சத்தத்தில் அவளுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. பேண்டேஜ் நெய்கிற இடம். காதில் வைக்கத் துளிப் பஞ்சு கொடுத்ததில்லை முதலாளி.

தறி ஓடும்போது இரண்டு பெண்கள் மூன்று பக்கம் பேசும் காட்சி. அம்மாவுக்குச் சிரிப்பு.

"தறி ஓடயில எவடா பேசுவா? பேசுனாலும் எவளுக்குக் கேக்கும்?"

எல்லாம் சாடைதான். மூக்கில் விரல் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறான் என்று அர்த்தம். எனக்குத் தெரியாததா? அமெரிக்கர் படத்தில் ஆட்கள் ஓயாமல் பேசுவார்கள். நானும் எழுதிவிட்டேன். வெட்கம்.

வெள்ளி
மூன்று பக்கமும் வெட்டியாச்சு. காட்சி முழுக்கக் கை, உதடு. படித்துக் காட்டினேன்.

"இப்பச் சரி. ஆனா அந்த மூக்கு சாடைய மாத்திருடா. படத்துல பாத்தா அந்தச் சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சு போகும்ல?"

மாற்றினேன். இத்தனை வருடத்தில் எழுதியதில் இந்த ஒரு காட்சிதான் பொய்யில்லை.

ஞாயிறு
ஸ்ரீவில்லிபுத்தூர். பதினான்கு பேர். ஃபேன் ஓடவில்லை. அமெரிக்கர் எழுதியதைத் திரும்ப வாங்கிய கதையைச் சொன்னதும் கைதட்டல். பிறகு டீக்கடையில் சென்னைக்காரர் என் கதையைப் புரட்டினார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா தறி சீன்ல யாருமே பேசலையே. ரெண்டு லேடீஸ் அழுது பேசுற மாதிரி வைங்க. உடனே சார்கிட்ட கொடுக்குறேன்."

"அங்க பேசுனா கேக்காது சார்."

"அது மிக்ஸிங்ல சத்தத்தைக் கொறைச்சுக்கலாம்."

ஒத்துக்கொள்ளச் சொல்லிக் காசிம் என் காலை மிதித்தான். தேவையே இல்லை. அதற்குள் சொல்லிவிட்டேன்: "வச்சிருதேன் சார்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா போன். "என்னடா சொன்னாவ?"

"அப்படியே பிடிச்சிருக்குன்னு சொன்னாவம்மா."

கேட்கவில்லை என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.