மூன்றாவது போல்ட்

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து என்னவருக்கு எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் வார்டு நர்ஸ் தினமும் என்னிடம் சொல்லிவிடுகிறார். என் போனை எடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா? நாளை உங்கள் தம்பி அங்கே வருகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை கட்டில் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை உங்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீங்களோ தம்பியிடம், "காரே படுத்துக் கிடக்கு, அவ எப்படி வந்து கூட்டிட்டுப் போவா? நான் இங்கயே பக்கத்துல ஒரு விடுதியில இருந்துக்கறேன்" என்றிருக்கிறீர்கள். வாடகைக் கார் பிடிக்கலாமே என்று அவர் சொன்னதற்கு, ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவன் வண்டியில் ஏற மாட்டேன் என்றீர்களாம். நல்லது, ஏற வேண்டாம். நம் வண்டியே வரும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒழுகியது எங்கிருந்து என்று உங்களுக்குத் தெரியும். இன்ஜினுக்குப் பின்பக்கம், தகட்டுச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும் அந்த வளைந்த பிளாஸ்டிக் குழாயில்தான் விரிசல். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கையே உள்ள போகாதும்மா. இன்ஜினை இறக்கினாத்தான் முடியும். அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். அவருடைய விரல் ஒவ்வொன்றும் ஒரு வாழைப்பழம், எப்படிப் போகும்? புதுக் குழாயையும் ரப்பர் வளையத்தையும் வாங்கிக் கொடுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

பல் கிளினிக்கில் இத்தனை வருடமாக நான் வேறென்ன செய்கிறேன்? கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, இடம் வலமாகத் தெரிவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். டாக்டரம்மாவிடம் கேட்டு, பழைய வாய்க்கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தேன். இன்ஜினும் ஒரு வாய்தான். சரியாகத் திறக்காத வாய். ஆனால் ஊசி போடும்முன் அழாது, கையைக் கடிக்காது.

டார்ச் பிடித்தது யார் தெரியுமா? உங்கள் அக்காதான். "ஆம்பளைங்களே முடியாதுன்னு கைவிரிச்ச வேலை, உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்தார். ஆனால் வெளிச்சம் நான் சொன்ன இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. கூலண்டை வடிக்க அவருடைய குளியல் வாளியை எடுத்ததற்குத்தான் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றி வைத்த பிறகு, என் கை முழங்கைவரை உள்ளே போனது. மேலே இருந்த இரண்டு போல்ட்டும் பேசாமல் வந்துவிட்டன. அடியில் இருக்கும் மூன்றாவதுதான் அசையவில்லை. முன்பு இன்ஜினை இறக்கியபோது அதை முடுக்கிய புண்ணியவான் நீங்கள் ஆயிற்றே! நீங்கள் மூடிய தேன் பாட்டிலைத் திறக்கவே நான் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவள். போல்ட்டைத் திட்டினேனா உங்களைத் திட்டினேனா என்று தெரியாது, உங்கள் அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். டார்ச் கீழே விழுந்தது. கடைசியில் துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து, ஸ்பேனரை மாட்டி உடம்பின் கனத்தையெல்லாம் சாய்த்ததும் படக்கென்று விட்டது. புறங்கையில் தோல் உரிந்துபோனது. பெரிய காயம் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனம். உங்களோடு குடித்தனம் நடத்திய எரிச்சலில், நான் இந்த வீட்டில் எதையுமே இறுக்கி மூடுவதில்லை. புதுக் குழாயையும் அப்படியே பூப்போல முடுக்கிவைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கூலண்ட் ஊற்றி, வண்டியைக் கிளப்பினால் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒழுகலுக்காக மட்டும் அழவில்லை. உங்கள் காலை எடுத்த ஆபரேஷன் முடிந்த அன்றுகூட வராத அழுகை, அந்தச் சிமெண்டுத் தரையில் வந்தது. உங்கள் அக்கா டார்ச்சை அணைத்தார். பிறகு, "அழுதது போதும் எழுந்திரு. அவன் வந்தாகணும்" என்று சொல்லி, அவரே போய் வாளியை எடுத்துவந்தார்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். ரப்பர் வளையம் நசுங்காமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். உங்கள் அளவுக்கு இல்லை, பிளாஸ்டிக் உடைந்துவிடும். திரும்பக் கூலண்ட் ஊற்றி வண்டியைக் கிளப்பி, உள்ளே அடைத்துக்கொண்ட காற்று போகும்வரை ஹீட்டரை முழுதாகத் திருப்பிவைத்து, ஹோஸைப் பிசைந்துகொண்டே நின்றேன். பிறகு மேட்டுச் சாலை முழுவதும் ஓட்டிப் போய்த் திரும்பினேன். சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. அடியில் அட்டையை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. வாழைப்பழ விரல்காரரும் வந்து குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

முன்சீட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். நான் ஒத்திகை பார்த்தாகிவிட்டது: முதலில் உட்கார வேண்டும், பிறகு காலைத் திருப்பி உள்ளே வைக்க வேண்டும். உங்கள் தோளைப் பிடிக்க நான் இருப்பேன், பிடிக்க வேண்டாம் என்றால் பக்கத்தில் சும்மா நிற்பேன்.

எனக்குப் பாரமாகிவிடுவோம் என்றுதான் நீங்கள் விடுதி தேடுகிறீர்கள், எனக்குத் தெரியாதா? கார் ஒரு சாக்கு. அந்தச் சாக்கை என் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டேன். வேறொன்றைத் தேடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். மேலே வந்து இழுக்க மாட்டேன், அழ மாட்டேன். நீங்கள் இறங்கி வரும்வரை இன்ஜினை மட்டும் அணைக்க மாட்டேன். எத்தனை மணி நேரம் ஆனாலும் அது சூடேறாது. நிதானமாகவே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களவள்