முற்றத்தின் அளவு

டில்லி
12-2-1971

அன்புள்ள வடிவுக்கு,

நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவின் இருமல் தேவலையா?

எங்கள் ஆபீஸ் ஐயா இருபது வருஷமாகத் தொழிலாளர் குடியிருப்புகளையே கட்டியவர். இப்போது முதன்முறையாக ஓர் அருங்காட்சியகம் கட்டக் கொடுத்திருக்கிறார்கள். அது முடியும்வரை என்னை விடமாட்டாராம். இரண்டு வருஷம் ஆகும். "ஊருக்கெல்லாம் வூடு வரைஞ்சிக்கினு இருங்க. நம்ம வூடு ஒழுவுதே, அத்த யாரு பாக்கறது?" என்று நீ கேட்பது இங்கேயே கேட்கிறது.

ஓவியங்களின் மேல் வெயில் படக்கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். எத்தனை வரைந்தும் ஐயாவுக்குத் திருப்தியில்லை. நேற்று நம் முற்றத்தைப் பற்றிச் சொன்னேன். பட்டு நூலின் சாயம் பார்க்கத் தாழ்வாரத்தில் நிற்பாயே, அந்த வெளிச்சம். "எவ்வளவு அகலம்?" என்றார். பிறந்து வளர்ந்த வீடு, எனக்குத் தெரியவில்லை. கைகளை விரித்துக் காட்டினேன். "ஒரு ராஜகோபால் அகலம்னு எழுதிக்கலாமா?" என்றார். ஆபீஸே சிரித்தது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். முற்றத்தை அளந்து உடனே எழுது. டேப் தேடி அலையாதே, உன் தம்பியையும் கூப்பிடாதே. நீயே முழம் போடு. உன் முழம் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும்.

உன்,
ராஜகோபால்