வடலூரில் நின்ற காரை விற்க மாட்டேன்

அன்பு மகன் அசீமுக்கு, நெய்வேலியிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மருமகள் அப்சானாவும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே சுகத்துக்கும் குறைவில்லை, உன்மேல் கோபத்துக்கும் குறைவில்லை. நேற்று விருத்தாசலத்திலிருந்து யாரோ போன் செய்து, எலக்ட்ரிக் கார் விற்பதாகப் போட்டிருக்கிறீர்களே, எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்கிறார். என்னைக் கேட்காமல் எப்படியப்பா விளம்பரம் கொடுத்தாய்? முதலில் அதை எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

போன மாதம் அத்தாவுக்குக் கண்ணில் ஊசி போட்டுப் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது வடலூரில் வண்டி நின்றது உண்மைதான். ஓட்டியது நான், கணக்குப் போட்டது அத்தா. ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர் என்று கம்பெனியே போட்டிருக்கிறான், இப்போது எண்பது சதவீதம் இருக்கிறது, 250 வரும், போக வர 150தானே, கிளம்பு என்றார். பவர் ஹவுஸ் கன்ட்ரோல் ரூமில் இருந்த மனுஷர், மெஷின் பிளேட்டில் 210 மெகாவாட் என்று அடித்திருந்தால் 210 ஓட்டியே தீரவேண்டும் என்று பழகிய புத்தி. நானும் ஏசியைப் போட்டுத் தொண்ணூறில் விரட்டினேன், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் ஏசியிலேயே உட்கார்ந்திருந்தோம், எல்லாம் சேர்ந்து தீர்த்துவிட்டது. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது வீட்டுக்கு நாலு பேர் வேடிக்கை. முப்பத்தினாலு வருஷம் ஊருக்கே கரண்ட் குடுத்தவன் கரண்ட் இல்லாம ரோட்டுல நின்னுட்டேனேன்னு அதையே சொல்லிகினு இருந்தார். இனி பாண்டிச்சேரியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு ஊசி தவறினாலும் இருக்கிற பார்வை போய்விடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். நீ சொன்ன வாடகைக் காரையும் கேட்டுப் பார்த்தேன், வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டு வாடகைக் காரா என்று அதற்கும் முறைப்பு. எனக்கு அழுகைதான் வந்தது, அழுதால் கண் வந்துவிடுமா.

அவருக்கு வாய்ப்பேச்சு ஏறாது, ரீடிங் காட்டினால்தான் ஏறும். அதனால் மூன்று வாரமாக நானே ரீடிங் எடுத்தேன். கடலூர் சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, அந்த 312 வண்டியை உருளை மேல் நிறுத்தி ஏசி இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பார்த்த கணக்கு, ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடத்தான் உதவும், ரோட்டுக்கு ஆகாதும்மா என்றார்கள். அதை விட்டுத் தள்ளிவிட்டு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் தின்கிறது என்று மட்டும் பார்த்தேன். பேட்டரி மொத்தம் முப்பது யூனிட். நம் டவுன்ஷிப் பிளாக் ரோடுகளில் ஏசி இல்லாமல் மெதுவாகப் போனால் பன்னிரண்டு, மெயின் ரோட்டில் தொண்ணூறில் ஏசியோடு பதினைந்தரை, அறுபதில் அளவான ஏசியோடு பதின்மூன்று. முழுக்க சார்ஜ் போட்டு, அவசரத்துக்கு மூன்று யூனிட்டைத் தொடாமல் வைத்துவிட்டு, அறுபதிலேயே போனால் இருநூறு கிலோமீட்டர் தாராளமாக வருகிறது. நமக்கு வேண்டியது 150. நோட்டைப் படித்துக் காட்டினேன். நம் வீட்டு மீட்டரில் ஏறுவது பேட்டரியில் ஏறுவதைவிடக் கூடுதலாக இருக்குமே, அதைப் பார்த்தாயா என்று என்னையே மடக்கினார். பார்த்தேன், அதுவும் நோட்டில் இருக்கிறது என்றேன். உடனே நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, சரி, ஓட்டு, இனிமே ரீடிங் நான்தான் எழுதுவேன் என்றார். அந்தச் சந்தோஷத்தில் நேற்று சாயங்காலம் கடலூர் வரை ஓட்டிக் காட்டினேன்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அத்தா குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்கு போர்டில் முகத்தை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினார். போர்டில் பேட்டரி மிச்சம் 61 சதவீதம். அவர் எழுதியது 81. பணிக்காலம் முழுக்க ஒரு ரீடிங் தப்பாக எழுதாதவர், அசீம். நான் திருத்தவில்லை. பேனாவை மூடிவிட்டு, பார்த்தியா, எவ்ளோ மிச்சம்னு சிரித்தார். அடுத்த ஊசிக்கு வியாழக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுததும் பாண்டிச்சேரிக்குக் கிளம்புகிறோம், மழை வந்தாலும் கிளம்புகிறோம்.

உனக்கும் முப்பத்தைந்து ஆகிறது, அத்தாவுக்கு சர்க்கரை வந்த வயசு. இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார், கண்ணையும் காட்டு, சாக்குச் சொல்லாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் குறையாத பார்வையையும் தருவானாக.

உன் பிரியமுள்ள அம்மா,
முனவரா ஹபீப் முகமது