மோதிரத் தாளம்

என் அருமை அவசரக்காரனுக்கு,

எத்தனை முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். தொண்டையில் இருந்த கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். சாந்தோம் வீட்டுக்கு வந்தாயிற்று. குரலைப் பற்றி டாக்டர் ஏதோ சொன்னார், அது கிடக்கட்டும்.

நேற்று கழுத்தில் மஃப்ளரோடு வாசலுக்குப் போனேன். மீன்காரி வசந்தி கூடையை இறக்கிவைத்து, "இன்னா சார், வெலைய கொறன்னு சண்ட போடாம கம்முனு கீறீங்க?" என்றாள். சிரித்துவைத்தேன். பக்கத்தில் நின்ற என் மகள் ஜொவிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாள் முழுக்க நம் கிறிஸ்துமஸ் கேரல் ராத்திரிகள்தான் நினைவில். எந்தப் பாட்டானாலும் நீ முந்திக்கொண்டு ஆரம்பிப்பாய். நான் கோயில் பெஞ்சிலோ யார் வீட்டு கேட்டிலோ மோதிரத்தால் தட்டி உன்னை இழுத்துப் பிடிப்பேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் நீ முந்தியதும் அவர்கள் நாயும் கூடவே ஊளையிட்டதே! எல்லோரும் அடங்கிய பிறகும் என் சிரிப்பு மட்டும் தெருக்கோடிவரை கேட்டது என்பாய். அந்தச் சிரிப்பை மறந்துவிடாதே மச்சி.

ஆஸ்பத்திரியில் கழற்றிய மோதிரத்தை இன்று போட்டுப் பார்த்தேன். விரல் மெலிந்துவிட்டது, நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடு. இந்த முறை எடுப்பேன். ஹலோவுக்குக் காத்திருக்காதே, நேராகப் பாட ஆரம்பி. மேஜையில் தட்டும் சத்தம் கேட்டால், அது நான்தான். அவசரப்படாதே.

உன் பக்கத்தில் நின்று பாடியவன்