அழுகையை அடைக்கப் பார்த்த குழாய்க்காரருக்கு

குழாய்க்காரரே,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

நேற்று, "எதுக்கும்மா அழுவுற? குழந்தைக்கு ஆகாது" என்று கேட்டீர்களே, காரணம் தெரிந்தால் சொல்லமாட்டேனா? ஒழுகும் குழாயா நான், திருகி நிறுத்த? அதற்குத்தான் தலையணை பறந்தது. குறி தப்பியதில் மட்டும் வருத்தம்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா போனில் சொன்னார்: "இது மனச்சோர்வு, உன் தப்பில்ல. தினம் பிடிச்சது ஏதாவது ஒண்ணு செய், சின்னதா இருந்தாலும் போதும்."

அதனால் தலை வாரிக்கொண்டு பூங்காவுக்கு நடக்கிறேன். கால் வீங்கியிருப்பதால் உங்கள் செருப்பில். கடைக்குப் போவதென்றால் என் பூப்போட்ட செருப்பு வாசலில் இருக்கிறது.

பின்னாலேயே வந்தால், அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு வரவும்.

மறந்துவிட்டேன்: இதை எழுதும்போது வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை. சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று! முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.